ஒப்புரவும் ஈகையும்

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23. இரண்டும் கொடுப்பதைப் பற்றியவைதானே, ஏன் இரண்டு என்று கேட்பார் உண்டு. ஈகையில் இல்லாதவர் கை நீட்டியாக வேண்டும். ஒப்புரவுக்கு வள்ளுவர் காட்டும் உவமைகளைப் பாருங்கள்: ஊருணி, ஊர் நடுவே பழமரம், மருந்து மரம். ஊருணியில் தண்ணீர் மொள்ளுகிறவர் யாருக்கும் கும்பிடு போடுவதில்லை. ஒப்புரவாவது உலகநடை அறிந்து செய்தல் என்பார் பரிமேலழகர். சரிதான், ஆனால் வாங்குகிறவருடைய மானம் அந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை என்பது என் துணிபு.

நம் பெங்களூரிலேயே சான்று உண்டு. அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873இல் தண்டுப் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிறுவனங்களாக இன்றும் நடக்கிறது. அது ஊருணி.

சமணர் சொல்லும் நால்வகைத் தானங்களில் சாத்திர தானமும் ஒன்று. நாமோ (எங்களவரையும் சேர்த்தே சொல்கிறேன்) ஜூன் மாதம் பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, கேமராவைப் பார் என்கிறோம். நோட்டு வேண்டியதுதான். அந்தப் படம் வகுப்பில் எப்படிக் கேலியாகிறது என்பது ஒக்கலிபுரத்தில் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரியும். பள்ளி தொடங்க எல்லாராலும் ஆகாது. ஒரு பிள்ளையின் கட்டணத்தைப் பள்ளி அலுவலகத்தில் பெயர் சொல்லாமல் கட்டிவிட்டு வரலாமே.