குறிச்சொற்களை உருப்போடலாமா?

பதினோராம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் பாடம் எடுத்துள்ள மாணவர் ஒருவரிடம் எச்.டி.எம்.எல். என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அதன் விரிவாக்கத்தை மூச்சு விடாமல் சொல்வார். பத்தியைக் குறிக்கும் குறிச்சொல் எது, அட்டவணையைக் குறிப்பது எது, எழுத்தை ஓட விடுவது எது என்று ஒரு மதிப்பெண் வினாக்களுக்குரிய விடைகளெல்லாம் வரிசையாக வந்து விழும். அதே மாணவரிடம், "உங்கள் ஊர் திருவண்ணாமலை அல்லவா? ஊரைப் பற்றி ஒரு வலைப்பக்கம் எழுதிக் காட்டுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் தயங்கி நிற்பார். இதை மாணவரின் குறை என்று சொல்வதற்கில்லை. 2018-ஆம் ஆண்டு வந்த புதிய பாடத்திட்டத்தில் இப்பாடம் தமிழ் வழி மாணவருக்கும் கிடைத்தது என்பது வரவேற்க வேண்டிய செய்தியே. ஆனால் கிடைத்ததை நாம் மனப்பாடப் பகுதியாக மாற்றிவிட்டோம். வலைப்பக்கம் எழுத உலகில் முதன்முதலாகக் கற்றவர்கள் யார், அவர்கள் எப்படிக் கற்றார்கள் என்று பார்த்தால் நம் முறையில் உள்ள கோளாறு தெளிவாக விளங்கும்.

முதலில் விஷயம் என்ன என்பதைச் சொல்லிவிடுவோம். கணக்கில் 'சிறியது', 'பெரியது' என்று போடுகிறோமே, அந்த இரு கோணக் குறிகளுக்கிடையே ஓர் ஆங்கில எழுத்தையோ சொல்லையோ எழுதினால் அதுவே குறிச்சொல். சிலர் இதை ஒட்டு என்றும் சொல்வர். ஒரு பத்தியின் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றும் இட்டால், "இது ஒரு பத்தி" என்று உலாவி மென்பொருள் அறிந்துகொள்ளும். தலைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி, வேறொரு பக்கத்துக்குப் போகும் இணைப்புக்கு ஒரு குறி. அவ்வளவே. கூட்டல் கழித்தல் போன்ற கணக்கீடு எதுவும் இதில் இல்லை. எழுதிய உரையில் எது என்ன என்று பெயரிட்டு வைக்கும் வேலைதான் இது.

இதை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1989-இல் இத்திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1990-ஆம் ஆண்டு முடிவதற்குள் முதல் வலைப்பக்கம் இயங்கியது. 1991-இல் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அவ்வாண்டு அவர் வெளியிட்ட குறிப்பேட்டில் இருந்த குறிச்சொற்கள் இருபதுக்கும் குறைவு. அவற்றுள் பல, செர்னில் ஆவணம் எழுத ஏற்கெனவே புழங்கி வந்தவையே.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மக்கள் இக்குறிகளைக் கையால் எழுதுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அவருடைய முதல் உலாவி, படிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் உரியதாக இருந்தது. கடிதம் தட்டுவதுபோல் தட்டினால் போதும். குறிகளை அது தானே இட்டுக்கொள்ளும். ஆனால் அந்த மென்பொருள் நெக்ஸ்ட் என்ற ஒரே வகைக் கணினியில்தான் ஓடியது. மற்றக் கணினிகளை வைத்திருந்தோர் சாதாரண உரைக் கோப்பைத் திறந்து, குறிகளைத் தாமே தட்டத் தொடங்கினர். திட்டமிட்ட வழி அடைபட்டதால் திறந்த வழி இது.

அவர்களுக்கு ஆசிரியர் யார்? 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கணினி மையம் மொசைக் என்னும் உலாவியை வெளியிட்டது. படமும் உரையும் ஒரே பக்கத்தில் தெரிந்ததால் அது புகழ் பெற்றது என்று எல்லா நூல்களும் எழுதுகின்றன. கற்பவர் நோக்கில் அதைவிடப் பெரிய வசதி அதன் பட்டியலில் ஒரு மூலையில் இருந்தது. பார்க்கும் பக்கத்தின் மூலத்தைக் காட்டு என்னும் கட்டளைதான் அது. ஒரு பக்கம் அழகாக இருக்கிறதா? மூலத்தைத் திறந்து பார்க்கலாம். எந்தக் குறி எங்கே இருக்கிறது என்று கண்டு, படியெடுத்து, உரையை மாற்றி, தம் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். தவறினால் பெரும் சேதம் ஒன்றுமில்லை. மூடாத குறியைக்கூட உலாவி பொறுத்துக்கொண்டு ஏதோ ஒன்றைக் காட்டும். அதே மையம் தொடக்கநிலையினருக்கு வெளியிட்ட சிறு கையேடும் இந்த மனப்பான்மையோடு எழுதப்பட்டதே. வரையறைகளை அடுக்கிக் களைப்பூட்டாமல், மிகச் சிறிய முழுப் பக்கம் ஒன்றை ஆரம்பத்திலேயே காட்டிவிடும்.

சமையற்கட்டில் நின்று பார்த்துச் சமையல் கற்பது போன்றது இது என்று சொன்னால் மிகையாகாது. பார்த்துக் கற்பதில் தீமையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பிறர் செய்த பிழைகளும் சேர்ந்தே பரவின. அட்டவணைக்கு உரிய குறியைப் பக்கத்தைக் கட்டம் கட்டப் பயன்படுத்தினர். கண் சிமிட்டும் எழுத்தும் ஓடும் எழுத்தும் தொற்று நோய்போல் பரவின. 1994-இல் தொடங்கி 2009 வரை நடந்த ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் எழுந்த பக்கங்கள் பலவும் திருவிழாக் கடைத்தெருபோல் இருந்தன. இருந்தும் அவற்றை எழுதியவர் ஒவ்வொருவரும் ஒரு முழுப் பக்கத்தைத் தம் கையால் செய்து முடித்தவர். நம் தேர்வுகளில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைச் சொல்லிக்கொள்ள முடியும்?

இனித் தமிழுக்கு வருவோம். மேலே சொன்ன எளிய வழி தமிழருக்கு நீண்ட காலம் பாதி அடைபட்டே இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில் வந்தது. திருவண்ணாமலை போன்ற ஊர்களை அது எட்டச் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே தமிழில் வலைப்பக்கம் எழுதும் முயற்சியில் கடல் கடந்த தமிழரே முந்தினர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் அவருடன் உழைத்தோரும் 1995 அக்டோபரில் அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளை வலையில் ஏற்றியபோது தமிழும் அதில் இடம் பெற்றது. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை ஆக்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை இலவசமாக வழங்கினார். இவர் தொழிலால் ஒளிவேதியியல் ஆராய்ச்சியாளர் என்பதை அறிவியல் மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று இவர் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் கையால் தட்டச்சு செய்து வலையில் வைத்தது.

இவர்கள் கண்ட இடர் இதுதான். அக்காலக் கணினிக்குத் தமிழ் எழுத்து என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே ஆங்கில எழுத்துக்கோ வேறு குறிக்கோ உரிய எண்ணின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். எழுத்துருவைக் கணினியில் நிறுவியிருந்தால் திரையில் தமிழ் தெரியும். மூலத்தைத் திறந்தாலோ ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பைதான் கிடைக்கும். திருவண்ணாமலை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி எழுத்தாகிய 'லை'யில், கண்ணுக்கு முதலில் தெரிவது ஐகாரக் கொம்பு; அதன் பின்னரே லகரம். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலேயே, கொம்பை முன்னும் லகரத்தைப் பின்னும் வைத்துச் சேமித்தன. அதாவது பக்கத்தில் இருந்தது தமிழ் எழுத்து அன்று, தமிழ் எழுத்தின் தோற்றம். போதாக்குறைக்கு நாளிதழ்களும் நிறுவனங்களும் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்தன. ஓர் இதழின் எழுத்துரு மற்றோர் இதழைப் படிக்க உதவாது. தேடினால் கிடைக்காது. படியெடுத்து ஒட்டினால் குழம்பும். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்து, தமிழ்ப் பக்கம் எழுதக் கற்க விரும்பிய மாணவருக்கு, எது குறிச்சொல், எது உரை என்று பிரித்தறிவதே பெரும்பாடாயிற்று.

அண்ணாமலையார் கோயிலை வலம் வருபவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. சுவர்களில் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. யாரும் மறைத்து வைக்கவில்லை. கை தொடும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆயினும் எழுத்தின் வடிவம் மாறிவிட்டதால் பழைய எழுத்தைப் பயின்றவர்களே அவற்றைப் படிக்க முடிகிறது. பி. ஆர். சீனிவாசன் இவற்றைப் படித்துத் தொகுத்த நூலைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-இல் வெளியிட்ட பின்னரே இவை பரவலான ஆய்வுக்கு எட்டின. கல்லிலாவது எழுத்தின் உருவம் நிற்கிறது. எழுத்துரு தொலைந்துபோன வலைப்பக்கத்தில் அதுவும் இல்லை. 1990-களின் தமிழ்ப் பக்கங்களில் எத்தனையோ இவ்வாறு இன்று படிக்க இயலாமல் கிடக்கின்றன. அவற்றின் வயது முப்பதுதான்!

இக்குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியது. தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளை ஏற்றது. இணையத்தில் இயங்கிய அன்பர்களோ தகுதரம் என்னும் டிஸ்கி குறியீட்டைப் பின்பற்றினர். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தும், அதைச் சாதாரணக் கணினிகள் காட்டத் தொடங்கியது ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டில்தான். தமிழக அரசு அதை ஏற்றது 2010-இல். யூனிகோடில் லகரம் முன்னும் ஐகாரம் பின்னும் ஒலிக்கும் முறைப்படியே வரும். ஏழு எழுத்துகள் கொண்ட திருவண்ணாமலை பன்னிரண்டு எண்களாகச் சேமிக்கப்படும். மதுரைத் திட்ட நூல்களும் யூனிகோடுக்கு மாறின. திருவாசகப் பக்கத்தின் மூலத்தை இன்று திறந்தால் குறிச்சொற்களுக்கிடையே தமிழ் தமிழாகவே தெரியும்.

ஆக, அமெரிக்க மாணவருக்கு 1993-இல் கிடைத்த வழி தமிழ் வழி மாணவருக்கு இப்போதுதான் முழுமையாகத் திறந்துள்ளது. இந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? கையேடுகளை உருப்போடச் சொல்கிறோம். அக்கையேடுகளிலும் சில, எழுத்தின் அளவையும் நிறத்தையும் சொல்லும் குறிச்சொல்லைப் பெரிய பாடமாக இன்னும் நடத்துகின்றன. 1997 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு விதிகளிலேயே அது கைவிடத் தக்கது என்று சொல்லப்பட்டுவிட்டது. தோற்றத்தைச் சொல்லச் சி.எஸ்.எஸ். என்ற தனி மொழி 1996-லேயே வந்துவிட்டது. ஓடும் எழுத்தின் திசையையும் வேகத்தையும் தேர்வில் கேட்பதைப்போல் வீண் வேலை வேறில்லை.

மூலத்தைப் பார்த்துப் படி என்று சொல்வதும் இன்று முன்போல் எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய தளங்களின் பக்கங்களை இப்போது மென்பொருள்களே உற்பத்தி செய்கின்றன. திறந்தால் இடைவெளியில்லாத ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொட்டும். ஆகவே எதைத் திறப்பது என்று காட்டிக் கொடுக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. செர்ன் தன் முதல் வலைப்பக்கத்தை 2013-இல் மீட்டு வைத்துள்ளது. அதை ஒரே பார்வையில் படித்துவிடலாம். கணினி இல்லாத மாணவர்களும் பலர் உண்டு. அவர்கள் கைப்பேசியின் குரோம் உலாவியில், பக்க முகவரிக்கு முன் 'வியூ-சோர்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி இட்டுப் பார்க்கலாம்.

பிறகு எழுத வேண்டியதுதான். கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். அதில் எண்திசை லிங்கங்கள் உள்ளன: இந்திரன், அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன். நடப்பவர் இவற்றை இந்த முறையில்தான் காண்பார். எனவே இதற்கு வரிசைப் பட்டியல் குறியைத்தான் இட வேண்டும். வழியில் கிடைக்கும் சிற்றுண்டிகளை எழுதுவதானால் முறை தேவையில்லை. வரிசையற்ற பட்டியல் போதும். இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று எந்தக் கையேட்டையும் கேட்க வேண்டியதில்லை, நடந்தவர்க்கே தெரியும். கிழக்கே இராசகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். திசையும் பெயருமாக இரு பத்திகளில் எழுதினால் அது உண்மையான அட்டவணை. ஊர்ப் பெயரைத் தலைப்புக் குறிக்குள் எழுதாமல் வெறுமே பெரிய எழுத்தாகக் காட்டினால் கண்ணுள்ளவர்க்கு இரண்டும் ஒன்றே. பார்வையற்ற ஒருவர் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருளைக் கொண்டு கேட்டால், தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்ல அவருக்கு வழி இராது. பக்கத்தின் மொழி தமிழ் என்று தொடக்கக் குறியில் சொல்லாவிடில் அம்மென்பொருள் தமிழை ஆங்கிலமாக எண்ணித் தடுமாறவும் கூடும்.

ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு கோப்பு எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் அடுத்ததற்கு இணைப்புக் கொடுங்கள். ஈசானியத்திலிருந்து மீண்டும் முதல் பக்கத்துக்கு வரட்டும். கோப்புப் பெயர்களைச் சிறிய ஆங்கில எழுத்துகளிலேயே வையுங்கள். விண்டோஸ் கணினியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே கொள்ளப்படும். வலையில் ஏற்றியபின் பெரும்பாலான வழங்கிகள் லினக்சில் ஓடுவதால் இரண்டும் வேறு வேறு கோப்புகளாகிவிடும். வீட்டில் ஓடிய இணைப்பு வெளியே போனதும் அறுந்து நின்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.