தூரத்துக் கப்பலும் பக்கத்து மடியும்

சென்னையின் ஊரூர் ஒல்காட் குப்பத்து மணலில் இன்று நிற்பவை பெரும்பாலும் பைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த படகுகள் கட்டுமரத்தை ஓரங்கட்டிவிட்டன. பாய் விரித்த காலத்தில் காற்றுக்கு யாரும் காசு கேட்டதில்லை. எஞ்சின் வந்தபின், தொழிலுக்கு இறங்குமுன்பே எண்ணெய்க் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது; கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியது; ஏப்ரலில் சென்னையில் டீசல் லிட்டர் 100 ரூபாயைக் கடந்தது. எங்கோ நடந்த போரின் செலவில் ஒரு பங்கு அடையாற்று முகத்துவாரத்தில் வலை வைத்திருப்பவன் தலையிலும் விழுந்தது.

இந்தத் தொடர்பைப் பார்க்கத் தமிழர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் இடதுசாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தெருமுனைக் கூட்டங்களில், சிறு வெளியீடுகளில், தொழிற்சங்க வகுப்புகளில் அவர்கள் ஒரு வாசிப்பு முறையையே வளர்த்தார்கள்: உள்ளூர்த் துன்பம் எதுவானாலும் அதன் நூலைப் பிடித்துக்கொண்டு போர், ஏகாதிபத்தியம், உலகச் சந்தை என்று மேலே போவது. அதற்கு இந்தக் கடற்கரையிலேயே வேர் இருக்கிறது. ஊரூருக்குச் சில மைல் வடக்கே அயோத்தியாக்குப்பத்தில் 1860-ல் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் சிங்காரவேலர். 1923 மே 1 அன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலும் திருவல்லிக்கேணியிலுமாக இரண்டு கடற்கரைக் கூட்டங்கள் நடத்தி, இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர் அவர்தான். உலகத் தொழிலாளரைப் பற்றிய பேச்சு சென்னையில் மணல்மீது தொடங்கியது என்பதை நான் பெருமையோடுதான் நினைக்கிறேன். அந்த வாசிப்பு எவ்வளவு தூரம் மெய்யைக் காட்டுகிறது, எங்கே கண்ணை மறைக்கிறது என்று கேட்பதும் அந்த உரிமையில்தான்.

முதலில் அதன் பலம். மீன்பிடித் தொழிலில் இழுவை மடி எப்படி வந்தது என்ற கேள்விக்கு இந்த வாசிப்பை விட்டால் சரியான பதில் கிடைக்காது. 1952-ல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கேரளத்தில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. மீனவர் வாழ்வை மேம்படுத்தும் உதவி என்றுதான் அது வந்தது. பிறகு வெளிநாட்டுச் சந்தையில் இறாலுக்குக் கிராக்கி ஏறியது. இழுவை மடியால் அடித்தரையை அரித்தெடுக்கும் விசைப்படகுகள் கரையெங்கும் பெருகின. யாருடைய தட்டுக்கு இறால் போகிறது என்று பார்த்தால்தான், யாருடைய வலை ஏன் காலியாக வருகிறது என்பது புரியும்.

அடுத்தது 1991. பொருளாதாரத் தாராளமயத்தோடு ஆழ்கடலில் அந்நியக் கப்பல்களைக் கூட்டு முயற்சி என்ற பெயரில் அனுமதிக்கும் கொள்கை வந்தது. தேசிய மீன் தொழிலாளர் பேரவை அதை எதிர்த்து நாடு தழுவிய வேலைநிறுத்தங்களை நடத்தியது. 1995-ல் தாமஸ் கொச்சேரி போர்பந்தரில் உண்ணாவிரதம் இருந்தார். கொள்கையை ஆராய முராரி குழு அமைக்கப்பட்டு, கடைசியில் அரசு அந்தக் கொள்கையிலிருந்து பின்வாங்கியது. உலகமயத்துக்கு எதிராக இந்தியாவில் உழைப்பவர்கள் பெற்ற அரிய வெற்றிகளில் இது ஒன்று. கொச்சேரி ஒரு பாதிரியார்; எந்தக் கட்சியின் தலைவரும் அல்லர். ஆனாலும் போராட்டம் பேசியது இடதுசாரிகள் பல்லாண்டுகளாகப் பழக்கிவைத்த மொழியை.

உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தமும் அப்படித்தான். 2022 ஜூனில் ஜெனீவாவில் அது ஏற்கப்பட்டது. கடலை வழித்தெடுக்கும் அளவுக்குத் தொலைதூர மீன்பிடிக் கப்பல்களை மானியம் கொடுத்து வளர்த்த நாடுகளும், கரையை ஒட்டிச் சிறு படகோட்டும் நாடுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து மானியக் குறைப்புப் பேசுவதில் உள்ள அநீதியை முதலில் உரக்கச் சொன்னவர்களில் இடதுசாரிகள் உண்டு. அது சரியான பேச்சு. வரியில்லா டீசலில் ஓடும் ஒரு பைபர் படகையும் அந்தப் பெருங்கப்பல்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இனி, என் மனதை உறுத்துவது. 1990-களின் போராட்டத்தில் விசைப்படகு முதலாளியும் கட்டுமரக்காரரும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்நியக் கப்பல் இருவருக்கும் பொது எதிரி. அந்த ஒற்றுமை இல்லாமல் வெற்றி இல்லை. கப்பல் போனது. விசைப்படகு போகவில்லை. 1978-லேயே சென்னைக் கடலில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் மோதல் வெடித்திருந்தது. 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்றது. பின்னர் எல்லை 5 கடல் மைலானது. கோடு காகிதத்தில் நகர்ந்ததே தவிர, சிறு படகுக்காரரின் முறையீடு தீர்ந்துவிடவில்லை. வாஷிங்டனைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் மேடை, காசிமேட்டு விசைப்படகுக்கும் ஊரூர் படகுக்கும் உள்ள வர்க்க வேறுபாட்டைப் பேச ஏன் தயங்குகிறது? இருவரும் மீனவர், இருவரும் தமிழர் என்ற பதில் இடதுசாரிகளுக்குப் பொருந்தாது. வர்க்கத்தைப் பார் என்று ஊருக்கே சொன்னவர்கள் அவர்கள்.

பாக் நீரிணையில் இந்தத் தயக்கம் இன்னும் கொடிய விலை கேட்கிறது. கால்நூற்றாண்டுக்கும் மேல் நீண்ட ஈழப் போரில் வடஇலங்கைத் தமிழ் மீனவர்களுக்குக் கடல் பெரும்பாலும் மூடிக்கிடந்தது. 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கி இறங்கியவர்களின் வலைகளை தமிழ்நாட்டிலிருந்து போகும் இழுவை மடிப் படகுகள் அறுத்தெறிகின்றன. 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டப்படி தடைசெய்தது. இலங்கைக் கடற்படை நம் மீனவர்மீது நடத்தும் வன்முறையை மன்னிக்க முடியாது. அந்தப் படகில் கூலிக்குப் போகிறவன் ஏழை என்பதும் உண்மை. ஆனால் மூலதனமும் குதிரைத்திறனும் கொண்டவன் இல்லாதவனின் கடலைப் பறிப்பதற்கு இடதுசாரி அகராதியில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை இங்கே உச்சரிக்க இடதுசாரிகளுக்கு நா எழவில்லை.

அந்தப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலைச் சொல்லாமல் தமிழில் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 2009 மே 27, அதே ஜெனீவா. ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் 29-க்கு 12 என்ற வாக்கில் நிறைவேறியது. கியூபா, பொலிவியா, நிகராகுவா, சீனா, ரஷ்யா, இந்தியா எல்லாம் ஆதரித்து வாக்களித்தன. மேற்கத்திய ஏகாதிபத்தியத்தின் தலையீட்டைத் தடுக்கிறோம் என்பது வாதம். பிணங்களைப் புதைத்த மணல் காயுமுன் அந்த வாதம் எழுந்தது. எல்லா இடதுசாரிகளையும் ஒரே கூடையில் போடுவது நியாயமாகாது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 2008 அக்டோபரிலேயே ஈழத் தமிழருக்காக இங்கே உண்ணாவிரதம் இருந்தது. ஆனாலும், அமெரிக்காவை எதிர்க்கும் அரசு மக்கள்மீது என்ன செய்தாலும் அது இரண்டாம் கேள்விதான் என்ற பழக்கம் 1956-ல் சோவியத் படை ஹங்கேரிக்குள் புகுந்த காலத்திலிருந்து தொடர்ந்து வருவது. உக்ரைன் போரிலும் நேட்டோவின் விரிவாக்கத்தைப் பத்துப் பத்தி எழுதிவிட்டுப் படையெடுப்பை ஒரு வரியில் கடந்த கட்டுரைகளை நான் படித்தேன். நேட்டோ பற்றி அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. அந்த ஒரு வரி போதாது.

ஊரூருக்கே திரும்புகிறேன். கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைவரை கடலோரமாக உயர்மட்ட விரைவுச் சாலை போடும் திட்டம் ஒன்று வந்தபோது, குப்பங்கள் எதிர்த்து நின்றன. சாலை வரவில்லை. அங்கே எதிரி அந்நியக் கப்பல் அன்று. நம் வாக்கில் வந்த அரசும், காரில் விரைய விரும்பிய நம் நகரமும். குப்பத்தார் அன்று காத்தது பட்டா இல்லாத இடத்தை: வலை காயும் மணல், படகு ஏற்றும் கரை, மீன் ஏலம் போடும் திட்டு. ஆலையையும் வயலையும் பார்த்துப் பழகிய இடதுசாரி எழுத்தில் இந்தப் பொதுவிடத்துக்குச் சரியான சொல்கூட வெகுகாலம் இருக்கவில்லை.

2011-ன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவர்களின் குடியிருப்பையும் பொதுவிடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. 2023-ல் தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்கள் வெளியானபோது மீனவர்கள் எழுப்பிய முதன்மைக் குறை, அந்த இடங்கள் அவற்றில் விடுபட்டிருந்தன என்பதுதான். ஜெனீவா ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துக்காட்டும் சங்கங்கள் அந்த வரைபடத்தையும் குப்பம் குப்பமாகக் கொண்டுபோய் மணலில் விரித்து, விடுபட்ட ஏலத் திட்டு எது, எந்தக் கரையில் யார் படகு ஏற்றுகிறார்கள் என்று குறிக்க உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால், கடலில் எந்தக் கோட்டை எந்த விசைப்படகு தாண்டுகிறது என்பதையும் குப்பத்தார் அதே காகிதத்தில் காட்டுவார்கள்.