ரூவான் நீதிமன்றம்: அண்ணாந்து பார்ப்பவர்கள் தவறவிடுவது

பிரான்ஸில் நார்மண்டி பகுதியின் ரூவான் நகர நீதிமன்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடியேதான் எழுதுகிறார்கள். தப்பில்லை. கட்டினவர்களே நம்மை அப்படித்தான் பார்க்க வைக்கிறார்கள். தரையை ஒட்டிய சுவர் ஏறக்குறைய மொட்டையாக இருக்கிறது. மேலே போகப் போக வேலைப்பாடு கூடுகிறது. கூரை தொடங்கும் இடத்தில் கல்லைச் சரிகை மாதிரி இழைத்திருக்கிறார்கள். செங்குத்தான கூரையிலிருந்து துருத்தி நிற்கும் ஜன்னல்கள், ஊசி ஊசியான முனைகள், மழைத்தண்ணீரைத் துப்பும் விலங்குத் தலைகள், நடுவில் ஓர் எண்கோணக் கோபுரம். சும்மா சொல்லக்கூடாது, கோதிக் பாணி அணைவதற்கு முன் ஒருமுறை பிரகாசமாக எரிந்திருக்கிறது.

நார்மண்டியின் உயர்மன்றம் அதுவரை அவ்வப்போது கூடிக் கலைந்துகொண்டிருந்தது. 1499இல் பன்னிரண்டாம் லூயி அதை நிரந்தரமாக்கினார். நிரந்தரமாக உட்கார இடம் வேண்டுமே! ரோஜே ஆங்கோ, ரூலான் லெ ரூ என்ற இரண்டு கட்டிடக் கலைஞர்களின் பெயர்கள் இதோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. 1515இல் முதலாம் ஃபிரான்சுவா அந்த மன்றத்துக்கு 'பார்லமான்' என்று பெயர் வைத்தார். நம் பார்லிமென்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வழக்கு விசாரிக்கிற இடம்.

ஒரு பக்கத்து மண்டபம் இதற்கும் கொஞ்சம் முந்தியது. கதீட்ரலுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்த வியாபாரிகளுக்காகக் கட்டினார்கள். மரக்கூரை, கவிழ்த்துப் போட்ட கப்பல் போல இருக்கும். இந்த மாதிரி நீதிமன்றக் கூடங்களுக்குப் பிரெஞ்சில் 'தொலைந்த அடிகளின் கூடம்' என்று பெயர். வாய்தா வாங்கி வாங்கி நடந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இங்கேதான் எனக்கு முதல் நெருடல். 'மத்தியகாலக் கட்டிடம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஒரு பக்கச் சிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. 1944 ஏப்ரலில் குண்டுவீச்சு, ஆகஸ்டில் தீ. அந்த மரக்கூரையும் போருக்குப் பின் மீண்டும் செய்ததுதான். நாம் ரசிக்கும் சரிகையில் எவ்வளவோ நம் தாத்தா காலத்துக் கைவேலை. அதனால் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் சொல்ல வேண்டும்.

இரண்டாவது நெருடல் பெரியது. கட்டிடத்துக்கு முன்னால் ஓடும் தெருவின் பெயர் யூதர் தெரு. 1306இல் நான்காம் ஃபிலிப் யூதர்களை நாட்டைவிட்டு விரட்டி, சொத்துகளைப் பிடுங்கிக்கொண்டார். அவர்கள் குடியிருந்த பகுதியில்தான், சுமார் இருநூறு வருஷம் கழித்து, இந்த நீதிமன்றம் எழுந்தது. ஓர் அரசனின் ஆணை காலி செய்த மண்ணில் இன்னோர் அரசனின் நீதிக்கு நிரந்தர வீடு! தெருப்பெயர் மட்டும் மாறாமல் நின்றது.

1976இல் முற்றத்தில் வேலை நடந்தபோது கீழே ஒரு வீட்டின் கல்சுவர்கள் தட்டுப்பட்டன. சுமார் 1100ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 14 மீட்டர் நீளம், ஒன்பதரை மீட்டர் அகலம். தூண் அடியில் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை உடல் சிங்கம், இன்னொன்றில் தலைகீழாக ஒரு டிராகன். பள்ளியா, தொழுகைக்கூடமா, பணக்காரர் வீடா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. கல்விக்கூடம் என்று வாதாடியவர் வரலாற்றாசிரியர் நார்மன் கோல்ப். பிரான்ஸில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய யூதக் கட்டிடம் இதுதான் என்கிறார்கள்.

கட்டுரைகளில் இதற்குக் கடைசியில் ஒரு பத்தி கிடைக்கும், 'அடியில் இதுவும் உண்டு' என்ற தோரணையில். எனக்கு இந்த வரிசைதான் பிடிக்கவில்லை. கீழேயிருந்து தொடங்கினால்தான் மேலே உள்ள அலங்காரம் எதன்மேல் நிற்கிறது என்பது தெரியும்.

அந்தச் சுவரில் எபிரேய மொழியில் யாரோ கீறியிருக்கிறார்கள்: இந்த வீடு உன்னதமாக இருக்கட்டும் என்ற பொருளில். அதை வைத்தே 'உன்னத வீடு' என்று இன்று அழைக்கிறார்கள். சொற்கள் பைபிளின் முதலாம் ராஜாக்கள் ஒன்பதாம் அதிகாரத்தை நினைவூட்டுபவை. அங்கே சாலமோனிடம் கடவுள் எச்சரிக்கிறார்: உயர்ந்த இந்த ஆலயமும் பாழாகும், கடந்து போகிறவர்கள் திகைத்து நிற்பார்கள் என்று. கீறிய கைக்கு அந்த இடம் தெரியாமலா இருந்திருக்கும்?