தங்க நானோகொத்துகள்: அளவு மட்டுமே காரணமா?

தங்கம் எளிதில் வினைபுரியாத உலோகம் என்பது பள்ளிப் பாடம். 1987இல் ஜப்பானிய வேதியியலாளர் மசாதகே ஹருத்தா குழுவினர், ஆக்சைடுகளின் மீது நுண்துகள்களாகப் படிந்த தங்கம் 0 பாகை செல்சியசுக்கும் மிகக் கீழே கார்பன் மோனாக்சைடை ஆக்சிசனேற்றம் செய்வதைக் காட்டினர். 1998இல் வால்டன், லாய், குட்மேன் ஆகியோர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, டைட்டானியம் டைஆக்சைடு மீதுள்ள தங்கக் கொத்துகள் ஏறத்தாழ 3 நானோமீட்டர் அளவில் மிகுந்த செயல்திறன் பெறுவதை அளந்து கூறியது.

இவற்றைச் சுருக்கி, ‘சிறிதானால் தங்கம் வினைபுரியும்’ என்று பலர் எழுதுகின்றனர். அது அரைகுறை விளக்கம்; ஆக்சைடு பரப்பை வெறும் தட்டாக்கிவிடுகிறது. தங்க அணுக்களுக்கு ஆக்சைடைவிடத் தங்கத்தோடுதான் பிணைப்பு வலிது. ஆகவே அவை படலமாகப் பரவாமல், தாமரையிலை நீர்போலத் திரள்கின்றன. பரப்பில் ஆக்சிசன் அணு விடுபட்ட வெற்றிடங்கள் அத்திரள்களைப் பற்றி நிறுத்துகின்றன. பிடிப்பு தளர்ந்தால், சிறு கொத்துகளின் அணுக்கள் பெரியவற்றைச் சேர்கின்றன. இது ஆஸ்ட்வால்டு முதிர்வு எனப்படும். அப்போது செயல்திறன் குன்றுகிறது. வினையூக்கியின் ஆயுளே இதைச் சார்ந்தது. எனவே கொத்தின் அளவைச் சொல்லும் கட்டுரை, அது அமர்ந்துள்ள பரப்பையும் சொல்ல வேண்டும்.