வெள்ளவத்தை முற்பதிவும் சேதராப்பட்டு முன்பதிவும்

"நீங்கள் இந்தியாக்காரர் பிளேனுக்கும் ரயிலுக்குப் போடுற மாதிரித்தான் ரிக்கெற் போடுறியள்" என்றார் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் சம்பந்தி. ஆனி மாதக் கல்யாணத்துக்கு என் மகனுக்கும் அவர் மகளுக்கும் பாரிஸிலிருந்து சென்னைக்குத் தை மாதமே டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று நான் சொன்னபோது வந்த வார்த்தை அது. "ஆறு மாசத்துக்கு முதலே காசைக் கட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ?" என்றும் கேட்டார். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெண் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சம்பந்தியோடு விலைக்கணக்கு பேசக்கூடாது என்று நான் பேசாமல் இருந்தேன். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பதில் இருக்கிறது. அது என் வீட்டுக்கு மட்டும் உரிய பதிலும் அல்ல.

அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. ரயில்தான் நமக்கு முன்பதிவைக் கற்றுக்கொடுத்தது. அங்கே முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாள்; அதற்கு முன் 120 நாள். காலை எட்டு மணிக்குத் திறக்கும் முன்பதிவுக்காகப் பொங்கல், தீபாவளி நாட்களை விரல்விட்டு எண்ணி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ரயிலில் நாம் முந்துவது இடத்துக்காக, விலைக்காக அல்ல. ராஜதானி, துரந்தோ, சதாப்தி வண்டிகளில் 2016 செப்டம்பரில் ஏறும் கட்டணம் வந்தது. தட்கல் வேறு கதை. மற்றபடி 60ஆம் நாள் எடுத்தவனுக்கும் முந்தின வாரம் எடுத்தவனுக்கும் ஒரே காசு. விமானத்தில் இடம் பெரும்பாலும் கடைசிவரை கிடைக்கும். கிடைக்காமல் போவது நல்ல விலை. இந்த வேறுபாடு தெரிந்துதான் எங்கள் புதுச்சேரிச் சேதராப்பட்டுக்காரன் முந்துகிறான்.

விமானத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் மூன்று விலை கொடுத்திருப்பார்கள். கம்பெனி தன் இருக்கைகளை எழுத்துக் குறியிட்ட விலை வகுப்புகளாகப் பிரித்து வைக்கிறது. மலிவான வகுப்பில் சில இடங்கள். அவை தீர்ந்ததும் அடுத்த வகுப்பு. பல வகுப்புகளுக்குப் புறப்பாட்டுக்கு 21 நாள் முன், 14 நாள் முன், 7 நாள் முன் என்று கெடுவும் உண்டு. கெடு தாண்டினால் விமானம் காலியாக இருந்தாலும் அந்த விலை மூடிக்கொள்ளும். 1978இல் அமெரிக்க அரசு கட்டணக் கட்டுப்பாட்டைக் கைவிட்ட பிறகு, பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமானக் கம்பெனியைச் சமாளிக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985இல் இந்த வித்தையைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. நம் நாட்டில் 1953ஆம் ஆண்டின் விமானக் கழகச் சட்டம் 1994இல் நீக்கப்படும்வரை இந்தியன் ஏர்லைன்ஸ் சொன்னதே கட்டணம். எப்போது வாங்குவது என்ற கேள்வியே யாருக்கும் எழவில்லை. 2003இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்து, முந்தி வாங்குபவனுக்கு ஒரு விலை, பிந்தி வருபவனுக்கு ஒரு விலை என்பதைச் சாதாரணக் குடும்பங்களுக்குப் பழக்கியது. இருபது வருடத்துக்குள் நம் ஜனம் அதை முழுசாகப் படித்துக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்து இதை அவசரம் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதில் புதுச்சேரிக்குத் தனி வரலாறு. தமிழ்நாட்டின் வானூர் வட்டம் சுற்றிலும் கிடக்க, நடுவே புதுச்சேரி மண்ணாக இருப்பது எங்கள் சேதராப்பட்டு. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்களும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்களும், அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பிரான்சுக்கும் புதுச்சேரிக்கும் போய்வருவது பல தலைமுறைப் பழக்கம். விமானத்துக்கு முன் கப்பல். மெசாழரி மரித்தீம் கம்பெனியின் கிளைக் கப்பல் கொழும்பிலிருந்து புதுச்சேரி, சென்னை வழியாகக் கல்கத்தாவுக்கு ஓடிய காலம் உண்டு. மார்செய் போகிறவன் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறினான். சம்பந்தி ஊரின் துறைமுகம் எங்கள் ஊருக்கு வாசலாக இருந்தது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

அந்தப் போக்குவரத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்தது வக்கான்ஸ் என்ற பிரெஞ்சு விடுமுறைக் காலண்டர். பிரான்சில் பள்ளி விடுமுறை ஜூலை முதல் வாரத்தில் தொடங்கி ஆகஸ்ட் முடிய நீளும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம். பிப்ரவரி, ஏப்ரல் விடுமுறைகள் மண்டலத்துக்கு மண்டலம் மாறும். பாரிஸ் 'சி' மண்டலம். இவை எங்கள் தெருவில் பிரெஞ்சு தெரியாத பாட்டிக்கும் மனப்பாடம். இதன்மேல் நம் பஞ்சாங்கத்தை வையுங்கள். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் முகூர்த்தம் இல்லை. விடுமுறை தொடங்குவதற்கும் ஆடி பிறப்பதற்கும் இடையே ஆனியின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் மீதி. பாரிஸ் புதுச்சேரிக்காரர் எத்தனை பேர் வீட்டில் கல்யாணம், காதுகுத்து உண்டோ அத்தனை பேரும் அந்த வாரத்து விமானத்தைத்தான் தேடுவார்கள். அவர்களோடு பாரிஸ் லா ஷப்பேல் பகுதி ஈழத்தமிழர்களும் சேர்ந்துகொள்வார்கள். இதைத் தெரிந்தவன் தையிலோ மாசியிலோ டிக்கெட் போடாமல் சித்திரைவரை காத்திருப்பானா?

முந்துவது என்றால் திறந்த அன்றே வாங்குவது என்று அர்த்தமில்லை. பெரிய கம்பெனிகள் ஏறக்குறைய 11 மாதம் முன்பே விற்பனையைத் திறந்துவிடும். அப்போது மலிவு வகுப்புகள் எல்லாம் திறந்திருக்காது. ஐரோப்பாவுக்கு, அதுவும் விடுமுறைக் காலத்துக்கு, நாலு முதல் ஆறு மாதம் முன். சாதாரண மாதம் என்றால் இரண்டு மூன்று மாதம். டெல்லி, மும்பை போன்ற உள்நாட்டுப் பயணத்துக்கு மூன்றிலிருந்து ஆறு வாரம். பொங்கல், தீபாவளி என்றால் இரண்டு மாதத்துக்கும் மேலே. இவை எங்கள் பக்கம் கைப்பழக்கமான கணக்கு. செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்று இரண்டு நாட்டிலும் சொல்கிறார்கள். இப்போது விலையை நாள் முழுக்கக் கணினி மாற்றிக்கொண்டே இருக்கிறது. வாங்கும் கிழமைக்கு அதில் பெரிய மதிப்பில்லை. பறக்கும் கிழமைக்கு உண்டு. வெள்ளி மாலை புறப்படுவதை விட்டுச் செவ்வாய் புறப்பட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கொழும்பில் இதெல்லாம் வேறு மாதிரி நடக்கிறது. காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் ட்ராவல் ஏஜென்சிகள் வரிசையாக இருக்கின்றன. சம்பந்தி என்னை அவருடைய ஏஜென்சிக்கு அழைத்துப் போனார். பிள்ளைகள் வெளிநாடு போன நாளிலிருந்து அவருக்கு அந்த ஒரே ஆள்தான். டீ வந்தது, குடும்ப நலம் விசாரித்தார்கள், பிறகுதான் திகதி. நாம் முன்பதிவு என்பது அவர்களுக்கு முற்பதிவு. நாம் ரசீது என்பது பற்றுச்சீட்டு. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. ஏஜென்ட் பணம் வாங்காமலே பெயர் போட்டு இடத்தைப் பிடித்துவைத்தார். கம்பெனி தரும் கெடுவுக்குள் காசு கட்டினால் போதும். சம்பந்தி பொறுமையாக இருப்பதன் ரகசியம் அதுதான். கைப்பேசியில் வாங்குகிற நமக்கு அந்த வசதி எளிதில் கிடைக்காது. இருந்தாலும் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, பயணத்துக்குப் போதிய நாள் இருக்கும்போது வாங்கிய டிக்கெட்டைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ரத்துச் செய்தால் அபராதம் இல்லை. ஏஜென்ட் தயவு இல்லாமல், சட்டத்தின் பேரில் கிடைக்கும் அவகாசம் அது.

அங்கே விலையை ஆட்டுவது விமானக் கம்பெனி மட்டும் அல்ல, டாலரும்தான். 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வருடம் ஒரு மாதம் பொறுத்தவன் அதே இருக்கைக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தான். அதற்குப் பிறகு அங்கே பலரும் விமானத்தைப் பார்ப்பதற்கு முன் நாணய மாற்று விலையைப் பார்க்கிறார்கள். அந்த அடியைப் பட்டவர்கள் ஏன் காசைக் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. இதையெல்லாம் அந்த ஏஜென்சி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரு வாரம் முன் வாங்கினாலும் போதும் என்ற சம்பந்தியின் நம்பிக்கை கொழும்பு - சென்னை வழியில் பிறந்தது என்று நினைக்கிறேன். ஒன்றேகால் மணி நேரப் பயணம். ஒரு நாளில் பல விமானம். இந்தியக் கம்பெனிகளும் சிறிலங்கன் விமான சேவையும் போட்டி. கூட்டம் இல்லாத மாதத்தில் அங்கே பிந்தி வாங்கினாலும் பெரிய நஷ்டம் இல்லை. அந்த வழிக்கு அவர் சொல்வதே சரி. அதே புத்தியைப் பாரிஸுக்குக் கொண்டுபோவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் அது பொருந்தாது. அங்குள்ள பலாலி 2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. எல்லாம் ஏடிஆர் வகைச் சிறு விமானங்கள். இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கை. 180 பேர் ஏறும் விமானத்தில் மலிவு வகுப்பில் இருபது முப்பது இடம் வைக்க முடியும் என்றால், இதில் ஒரு குடும்பம் எடுத்தாலே மலிவு வகுப்பு தீர்ந்து அடுத்த விலைக்கு ஏறிவிடும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் பிரெஞ்சு விடுமுறையின்மேலேயே பெரும்பாலும் விழுகிறது. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் வரும் யாழ்ப்பாணத்தார் டிசம்பர் விடுமுறைக் கூட்டத்தோடு மோதுகிறார்கள். இவர்கள் ஒரு வாரம் முன்புவரை காத்திருந்தால் கொழும்பு சுற்றி வரவேண்டியதுதான். சென்னை எழும்பூரில் ஒரே சீட்டை வாங்கி, ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி கொழும்பு போன போட் மெயில் காலத்தில் எப்போது வாங்கினாலும் ஒரே விலை. 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடி போயிற்று. அந்த நிலையான விலையின் மனநிலை இலங்கையில் இன்னும் மிச்சமிருக்கிறது.

எங்கள் பக்கம் இன்னொரு பலம் இருக்கிறது, அதை அங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் கட்டுநாயக்கா விமான நிலையம் ஒன்றுதான். சேதராப்பட்டில் இருப்பவனுக்கு மயிலம் சாலை பிடித்துத் திண்டிவனம் போனால் சென்னை விமான நிலையம் மூன்று மணி நேரத்துக்குள். பெங்களூரும் திருச்சியும் ஓர் இரவுப் பயணத்துக்குள். எங்கள் சொந்த லாசுப்பேட்டை விமான நிலையம் நின்றும் தொடங்கியும் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தில் ஐதராபாத்துக்கு விமானம் வந்தது, பிறகு நின்றது. 2024 டிசம்பர் 20 அன்று இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கியது. அதனால் எங்கள் வீட்டில் பாரிஸ் டிக்கெட் பார்க்கும்போது சென்னை, பெங்களூர் இரண்டுக்கும் போகவர விலையை ஒரே மாலையில் பார்த்து, லாசுப்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இணைப்பு டிக்கெட் என்ன ஆகும், சென்னைக்கு வாடகை வண்டி என்ன கேட்கும் என்று கூட்டிப் பார்த்த பிறகே காசு கட்டுவோம். பெரிய கம்பெனிகளில் போகவரச் சேர்த்து எடுத்தால்தான் விலை குறையும். மலிவுக் கம்பெனிகளில் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை. இந்தக் கணக்கை எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் போடுகிறாள். கல்யாணத்துக்கு வரும் வெள்ளவத்தை உறவினர்களுக்கும் அவளையே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பங்குனி முடியவில்லை. இப்போதே போட்டால் அவர்களுக்கும் நல்ல விலை கிடைக்கும்.