உழாத மண்ணின் மணிகள்
உரும்பிராயில் கலப்பை படாமல் விட்ட ஒரு செம்பாட்டுத் தறை. மேல்மண்ணை ஒரு விரற்கடை சுரண்டி, உள்ளங்கையில் ஏந்தி மெல்ல ஊதினேன். செந்தூள் பறக்க, விதைகள் தங்கின. குப்பைக்கீரை விதை ஒரு மில்லிமீற்றர்தான் இருக்கும். கறுப்புப் பாசிமணிபோல மினுங்கி விரலிடுக்கில் வழுக்கும். சாரணை விதையோ வரிவரியாய்ச் சொரசொரக்கும். குத்துவது நெருஞ்சி, பார்க்காமலே தெரியும். வேலியோரம் காய்ந்த கிலுகிலுப்பைக் காயை ஆட்டினால் உள்ளே சின்னச் சதங்கை.

உழுதிருந்தால் பாதி விதைகள் ஆழத்தில் புதைந்திருக்கும். இங்கே உதிர்ந்த இடத்திலேயே, எறும்புக்கும் புறாவுக்கும் தப்பி, வெளிச்சத்துக்குப் பக்கத்தில் மாரிக்குக் காத்துக் கிடக்கின்றன. தோட்டக்காரருக்குத் தொல்லைதான். ஆனாலும் ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் எழும் அந்தக் கீரைத் தளிரை, தேங்காய்ப்பூ தூவி வறை செய்தால் வீடே மணக்கும்.