எல்லாத்துக்கும் ஒரே ரிவால்வர்: எல்மர் கீத் எங்கே சரி, எங்கே தப்பு

ஒரே ஒரு ரிவால்வர்தான் வைத்துக்கொள்ள முடியும். வேட்டை, தற்காப்பு, குறி பழகுவது எல்லாம் அதிலேயே நடக்கணும். எதை எடுப்பது? அமெரிக்காவில் துப்பாக்கி பற்றி எழுதுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுவரும் கேள்வி இது. நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை. எனக்கு இது ஒரு வடிவமைப்புக் கேள்வி. அந்தக் கண்ணோடு இந்தச் சண்டையின் மூலவரான எல்மர் கீத்தின் வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

கீத் (1899–1984) ஐடஹோ மாநிலத்து மாட்டுப் பண்ணைக்காரர், வேட்டை வழிகாட்டி. 1929இல் 'அமெரிக்கன் ரைஃபிள்மேன்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு 'தி லாஸ்ட் வேர்ட்'. அதாவது, இதுக்கு மேல பேச்சே இல்லை! கோல்ட் கம்பெனியின் 1873 மாடலை அடிப்படையாக வைத்து, பிடியையும் குறி பார்க்கும் அமைப்பையும் மாற்றிக் கட்டிய .44 ஸ்பெஷல் ரிவால்வரைப் பற்றிய கட்டுரை அது.

பேச்சு அதோடு முடியவில்லை. .44 ஸ்பெஷல் தோட்டாவில் மருந்தைக் கூட்டி அடைத்துச் சுட்டார். இதைக் கம்பெனிகளே செய்து விற்கணும் என்று வருஷக்கணக்கில் எழுதினார். 1955 கடைசியில் ஸ்மித் அண்ட் வெஸனும் ரெமிங்டனும் சேர்ந்து .44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. கீத்துக்கு வெற்றி.

ஆனால் அதே ஸ்மித் அண்ட் வெஸன், அதே 1955 கடைசியில் இன்னொரு ரிவால்வரையும் வெளியிட்டது. எல்லைக் காவல் படையில் வேலை பார்த்த பில் ஜோர்டன் கேட்டுச் செய்யவைத்த 'காம்பாட் மேக்னம்'. நடுத்தர உடம்பு, 4 அங்குலக் குழல், .357 மேக்னம் தோட்டா. பின்னாளில் மாடல் 19 என்று பெயர் பெற்றது. கீத்தின் .44 மாடல் 29 ஆனது. ஒரே கேள்விக்கு ஒரே தொழிற்சாலையிலிருந்து இரண்டு பதில்!

எண்களைப் பார்ப்போம். சாதாரண .38 ஸ்பெஷல் குண்டின் ஆற்றல் சுமார் 270 ஜூல். .357 மேக்னம் சுமார் 700. .44 மேக்னம் 1000த்தைத் தாண்டும். எடையில் மாடல் 19 சுமார் 1 கிலோ, நீளக் குழல் வைத்த மாடல் 29 சுமார் 1.3 கிலோ.

.357இல் ஒரு அழகான விஷயம் உண்டு. .38, .357 இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான். பெயரில் மட்டும்தான் வித்தியாசம். மேக்னத்தின் உறை சுமார் 3 மில்லிமீட்டர் நீளம் அதிகம். அதனால் .357 ரிவால்வரில் .38 தோட்டா போகும்; .38 ரிவால்வரில் .357 தோட்டா போகாது. பழையது புதியதில் ஓடும், வீரியமானது பலவீனமான துப்பாக்கிக்குள் நுழையவே முடியாது. மென்பொருள் ஆளுங்க கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஏற்பாடு.

"இதே வசதி .44லயும் இருக்கே?" என்று கேட்கலாம். நியாயம்தான். .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷல் போடலாம். உதை குறையும். ஆனால் உடம்பு குறையாதே! லேசான தோட்டா போட்டாலும் இடுப்பில் தொங்குவது அதே பெரிய இரும்புதான். கல்யாணத்துக்கு வாங்கின அண்டாவில் தினமும் ரெண்டு டம்ளர் காபி போடுகிற கதை.

இங்கேதான் கீத்தின் வாதத்தில் ஓட்டை. 'எல்லா வேலைக்கும்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, வரக்கூடியதிலேயே கடினமான வேலையையும் செய்யும். இன்னொன்று, தினமும் வருகிற வேலைகளைச் சிரமமில்லாமல் செய்யும். கீத் முதல் அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதுதான் முழு அர்த்தம் என்கிறார். காயம்பட்ட மான் ஒன்றை 600 கஜத்துக்கு அப்பால் .44 மேக்னத்தால் வீழ்த்தியதாக அவர் சொன்னது பிரசித்தம். உண்மையாகவே இருக்கட்டும். வாழ்நாளில் ஒருமுறை வருகிற சம்பவத்தை வைத்து எல்லாருக்குமான கருவியை முடிவு பண்ணலாமா?

அவருடைய வாழ்க்கைக்கு அந்தத் தேர்வு சரி. நாள் முழுக்கக் குதிரை மேல், மலைக்காட்டில், பெரிய மிருகங்கள் நடமாடும் இடத்தில் இருந்தவர். தன் அனுபவத்திலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார் என்பதில் குறையே இல்லை. அதைப் பொதுவிதி ஆக்கியதுதான் கோளாறு.

இது வெறும் ருசி பேதம் இல்லை. உதை அதிகமான துப்பாக்கியைப் பழக ஆள் தயங்குவான். விசையை அழுத்தும் முன்பே கை தானாகத் துள்ள ஆரம்பிக்கும். குறி தப்பும். தப்பிய குண்டு காற்றில் கரைந்து போவதில்லை. காட்டில் அது ஒரு மிருகத்தை அரைகுறையாகக் காயப்படுத்தும். ஊருக்குள் என்றால் சம்பந்தமே இல்லாத யார் வீட்டுச் சுவரையாவது துளைக்கும். 1000 ஜூல் என்பது பட்டால்தான் பலம். படாவிட்டால் அது மற்றவர்களுக்கு ஆபத்து.

அப்போ ஜோர்டன் கட்சி முழுக்கச் சரியா? இல்லை. அவருடைய கணக்கு, பழகுவதற்கு .38, வேலையில் .357 என்பது. பிறகு போலீஸ் துறைகளில், வேலையில் போடும் தோட்டாவிலேயே பழகணும் என்ற எண்ணம் பரவியது. அது நியாயமான எண்ணம். ஆனால் மாடல் 19இன் குழலின் பின்முனையில் அடிப்பக்கம் தட்டையாகச் செதுக்கிய மெல்லிய இடம் ஒன்று உண்டு. லேசான, வேகமான மேக்னம் குண்டுகளைத் தொடர்ந்து சுட்டபோது அங்கே விரிசல் விழுந்தது. அரிதாகத்தான் மேக்னம் போடுவார்கள் என்று நம்பிக் கட்டினது, பயன்பாடு மாறியதும் திணறிவிட்டது. 1980இல் ஸ்மித் அண்ட் வெஸன் இரண்டுக்கும் நடுவில் ஒரு உடம்பைக் கொண்டுவந்தது. மாடல் 586, 686 இரண்டும் அந்த வகை.

என்னைக் கேட்டால் 4 அங்குலக் குழல் வைத்த 686தான். எதிலும் முதலிடம் இல்லை. கரடிக்கு .44 மேல். சட்டைக்குள் மறைத்து வைக்க இதைவிடச் சின்னது மேல். ஆனால் நூறு நாளில் தொண்ணூற்றெட்டு நாள் .38 போட்டு நிம்மதியாகப் பழகலாம். மீதி இரண்டு நாளுக்கு மேக்னம் போட்டாலும் தாங்கும்.

கீத்தைப் படியுங்கள், ரசிப்பீர்கள். தன் கைக்காசையும் தன் விரல்களையும் பணயம் வைத்துச் சோதித்தவர் அவர். படிக்கும்போது ஒன்றை மட்டும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் சொல்கிற 'எல்லா வேலை' என்பது யாருடைய வேலை?